கப்பலில் போகிறவர்கள் கணக்கோடு போகட்டும்!

கடைசி இரவு. உல்லாசக் கப்பல் துறைமுகத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது. நாலு நாள் ஆடிப் பாடிய குடும்பம் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது கப்பல் கணக்கு வந்து சேருகிறது. சில கப்பல்களில் அது காகிதமாக அறைக்கு வரும். சில கப்பல்களில் கைபேசியில் வரும். எப்படி வந்தாலும் அது பில்தான்!

மதுரையிலிருந்து போன குடும்பம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, பதினாலு வயதுப் பெண், ஒன்பது வயதுப் பையன். பில்லைப் பார்த்த மனைவி திடுக்கிடுகிறாள்.

"ஏங்க, இவ்வளவா? சாப்பாடு, தங்கல் எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம் என்றுதானே சொன்னீங்க?"

"அதெல்லாம் அடக்கம்தான். இது மற்றச் செலவு."

"மற்றச் செலவா? நாம யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கலையே!"

அவள் சொல்வது உண்மை. அந்தக் குடும்பம் நாலு நாளும் யார் கையிலும் பணம் கொடுக்கவில்லை. ஆனாலும் பில் வந்துவிட்டது. கொடுக்காத பணம் எப்படிச் செலவானது? இந்தக் கேள்விக்குப் பதில் கப்பல் ஏறிய பிறகு தெரிந்து பயன் இல்லை. ஏறுவதற்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும்.

வாசலுக்கு வந்த கப்பல்

உல்லாசக் கப்பல் என்றால் கோடீஸ்வரர்கள் போவது என்று ஒரு காலத்தில் பேச்சு. இன்று அப்படி இல்லை. நடுத்தரக் குடும்பங்களும் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்துப் போகின்றன. சிங்கப்பூரில் மரினா பே கப்பல் நிலையம் 2012-ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து மூன்று நாள், நாலு நாள் கடல் சுற்றுலா போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்தே 2022 ஜூன் 4-ந் தேதி 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. அப்போது முதல்-அமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் கொடி அசைத்து அனுப்பிவைத்தார்.

தமிழர்களுக்குக் கப்பல் புதிது அல்ல. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோயிற்று. அந்தக் காலத்தில் பணம் மடியில் இருந்தது. பெண்களுக்கு முந்தானை முடிச்சு. ஆண்களுக்கு இடுப்புப் பை. ஒரு டீ வாங்கவேண்டும் என்றாலும் முடிச்சை அவிழ்க்கவேண்டும். அவிழ்க்கும் அந்த நேரத்தில் யோசனை வந்துவிடும். "வேண்டாம், போகட்டும்" என்று முடிச்சை மறுபடியும் போட்டுவிடலாம்.

இன்றைய உல்லாசக் கப்பலில் முடிச்சு இல்லை. யோசிக்க நேரமும் இல்லை.

பணம் இல்லாத பட்டணம்

கப்பலுக்குள் பெரும்பாலும் ரொக்கம் செல்லாது. ஏறும்போதே ஆளுக்கு ஒரு அட்டை கொடுக்கிறார்கள். அறைக் கதவைத் திறக்கும் சாவியும் அதுதான். அடையாளச் சீட்டும் அதுதான். கடையில் காட்டவேண்டியதும் அதுதான்.

ராயல் கரீபியன் நிறுவனம் இதற்குச் 'சீபாஸ்' என்று பெயர் வைத்திருக்கிறது. கார்னிவல் நிறுவனம் 'சேல் அண்ட் சைன்' என்கிறது. பிரின்சஸ் நிறுவனம் 2017-ல் அட்டைக்குப் பதிலாக 'மெடாலியன்' என்ற வில்லையைக் கொண்டுவந்தது. காசு அளவில் இருக்கும் அதைக் கையிலோ கழுத்திலோ மாட்டிக்கொள்ளலாம்.

பெயர் வேறு, வேலை ஒன்றுதான். பிரயாணி அட்டையைக் காட்டுகிறார். சிப்பந்தி குறித்துக்கொள்கிறார். தொகை அறைக் கணக்கில் ஏறுகிறது. கடைசியில் மொத்தமாக வசூல்.

இதில் கப்பல்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 2024 ஜனவரியில் பயணிகளோடு புறப்பட்ட 'ஐகான் ஆப் தி சீஸ்' என்ற கப்பலில் 7,600 பயணிகள்வரை போகலாம். அது ஒரு சின்னப் பட்டணம்! அத்தனை பேரும் நோட்டை நீட்டினால் சில்லறைக்கு எங்கே போவது? பல நாட்டார், பல நாணயம். காலையில் கரைக்கு வரும் கப்பல், அன்று மாலையே புதுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறது. அதற்குள் கணக்கை முடிக்கவேண்டும். நீச்சல் குளத்துக்குப் பணப்பையோடு போகவும் முடியாது. அட்டை முறை பயணிகளுக்கும் சௌகரியம்தான்.

ஆனால் சௌகரியத்துக்கு ஒரு விலை உண்டு. 2001-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தைச் சேர்ந்த டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். நிர்வாகப் படிப்புப் படிக்கும் மாணவர்களிடம் கூடைப்பந்துப் போட்டியின் டிக்கெட்டைக் காட்டி, ஏலம் கேட்கச் சொன்னார்கள். ஒரு சாராரை ரொக்கம் கொடுக்கச் சொன்னார்கள். இன்னொரு சாராரைக் கடன் அட்டையில் கொடுக்கச் சொன்னார்கள். அட்டைக்காரர்கள் கேட்ட விலை, ரொக்கக்காரர்கள் கேட்ட விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

அவர்கள் கணக்குப் படித்தவர்கள். அவர்களுக்கே அப்படி. கடல் காற்றில், குழந்தைகளின் குதூகலத்தில், நாலு நாள் விடுமுறையில் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்?

எது அடக்கம்? எது தனி?

அறை வாடகை, பொதுச் சாப்பாட்டுக் கூடத்துச் சாப்பாடு, நாடகம், பாட்டுக் கச்சேரி, நீச்சல் குளம் — இவை பெரும்பாலும் டிக்கெட்டில் அடக்கம்.

மது, பாட்டில் பானங்கள், தனி ஓட்டல்கள், இணையம், புகைப்படம், மசாஜ், சலவை, கரையிறங்கி ஊர் பார்க்கும் சுற்றுலா, சூதாட்டக் கூடம், பிள்ளைகளின் விளையாட்டு யந்திரங்கள் — இவை பெரும்பாலும் தனி. கப்பல் டாக்டரிடம் போனாலும் கட்டணம் கணக்கில் ஏறும். காப்பீடு எடுத்திருந்தால், ஊர் திரும்பிய பிறகு ரசீதைக் காட்டித்தான் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கவேண்டியிருக்கும்.

இவற்றோடு இனாமும் உண்டு. ஓட்டலில் 'டிப்ஸ்' என்கிறோமே, அதுதான். பல அமெரிக்கக் கப்பல்களில் இது கேட்காமலே கணக்கில் ஏறும். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 டாலர். சிறுவர்களுக்கும் உண்டு. அதுபோக, வாங்கும் ஒவ்வொரு பானத்தின்மேலும் 18 முதல் 20 சதவீதம்.

இதைக் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. படுக்கை விரிக்கிறவர், தட்டு எடுக்கிறவர், சமையல் கூடத்தில் வியர்வை சிந்துகிறவர் ஆகியோரில் பலர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்கள். பல மாதம் கடலிலேயே உழைப்பவர்கள். அவர்களுக்குச் சேரவேண்டியதைச் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தொகை டிக்கெட் விலையோடு சேர்ந்தே பயணியின் கண்ணில் படவேண்டும். கடைசி இரவில் அல்ல.

அந்த மதுரைக் குடும்பத்தின் பில்

கணக்குக்காக, இனாம் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 17 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர், நாலு நாள். 272 டாலர் ஆயிற்று.

பாட்டில் பானங்கள் நாளைக்கு 20 டாலருக்கு வாங்கினார்கள். நாலு நாளைக்கு 80. அதன்மேல் 18 சதவீதம் சேர்த்தால் 94 டாலர் 40 சென்ட்.

ஒரு கைபேசிக்கு இணையம், நாளைக்கு 20 டாலர். நாலு நாளைக்கு 80. புகைப்படம் 40. பையன் விளையாட்டு யந்திரத்தில் விட்டது 35.

மொத்தம் 521 டாலர் 40 சென்ட். டாலர் 85 ரூபாய் என்று கொண்டால், 44,319 ரூபாய்! மதுபானம் ஒரு சொட்டு இல்லை. சூதாட்டம் இல்லை. ஊதாரித்தனம் என்று சொல்ல எதுவுமே இல்லை. சாதாரணக் குடும்பத்தின் சாதாரணச் செலவுதான்.

இந்தப் பணத்தை எப்படிக் கொடுப்பது? கப்பல் ஏறும்போதே இதைக் கேட்டுப் பதிந்துகொள்கிறார்கள். மூன்று வழி உண்டு. கடன் அட்டை, டெபிட் கார்டு, ரொக்கம்.

கடன் அட்டை

கப்பல்காரர்கள் அதிகம் விரும்புவது இதைத்தான். கடன் அட்டையைப் பதிந்துவிட்டால் அறைக் கணக்கு திறந்துவிடும். செலவு ஏற ஏற, அதற்கு ஏற்ற தொகையைக் கப்பல்காரர்கள் பாங்கியில் பிடித்துவைப்பார்கள். கடைசியில் அசல் தொகையை எடுத்துக்கொள்வார்கள்.

இதில் நன்மை என்ன? பிடித்துவைப்பது பாங்கியின் கடன் வரம்பில்தான். சொந்தச் சேமிப்பில் அல்ல. தவறான தொகை எடுக்கப்பட்டால் பாங்கியிடம் முறையிட வழி உண்டு.

தீமை என்ன? அயல்நாட்டு நாணயத்தில் வாங்கியதற்குப் பல இந்தியப் பாங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் தனிக் கட்டணம் வாங்குகின்றன. அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி. மதுரைக் குடும்பத்தின் 44,319 ரூபாய்க்கு, 3.5 சதவீதக் கணக்கில், வரியும் சேர்த்துச் சுமார் 1,830 ரூபாய் கூடும். ஆக 46,149 ரூபாய்.

இதை உரிய தேதியில் முழுக்கக் கட்டிவிட்டால் அதோடு தொல்லை தீர்ந்தது. "இந்த மாதம் கொஞ்சம், அடுத்த மாதம் கொஞ்சம்" என்று தள்ளினால்தான் ஆபத்து. கட்டாத தொகைக்குப் பல பாங்கிகள் மாதம் 3 முதல் 3.75 சதவீதம்வரை வட்டி போடுகின்றன. ஆண்டுக்கு அல்ல, மாதத்துக்கு! 46,149 ரூபாய்க்கு ஏறக்குறைய 1,600 ரூபாய் ஒரு மாத வட்டி. நாலு நாள் கடலில் போனது நாற்பது வாரம் வீட்டில் அழவைக்கும்.

டெபிட் கார்டு

"கடன் வேண்டாம். என் பணம் பாங்கியில் இருக்கிறது. அந்த ஏ.டி.எம். கார்டையே கொடுத்துவிடுகிறேன்" என்று சிலர் நினைப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கப்பலில் இது மோசமான வழி.

காரணம், கப்பல்காரர்கள் பிடித்துவைப்பது இங்கே சொந்தப் பணம். இன்னும் பில் முடியவில்லை. ஆனால் பணம் முடங்கிவிட்டது. அசல் தொகையை எடுத்த பிறகும், பிடித்துவைத்தது உடனே விடுபடாமல் சில நாட்கள் நிற்கலாம். சில பாங்கிகளில் அதற்கும் மேலே ஆகும். கொஞ்ச காலத்துக்கு ஒரே செலவுக்கு இரண்டு தொகை முடங்கியதுபோல் ஆகிவிடும்.

வீட்டுக் கடன் தவணை 5-ந் தேதி அந்தக் கணக்கிலிருந்துதான் போகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் முடங்கிக் கிடக்கிறது. தவணை திரும்பிவிட்டது. அதற்கு அபராதம். பள்ளிக்கூடக் கட்டணமும் நிற்கிறது. குற்றம் செய்யாமலே தண்டனை!

முன்பணம் நிரப்பிய பயண அட்டை என்று ஒன்று பாங்கிகளில் கிடைக்கிறது. டாலரை முன்பே வாங்கி அதில் வைத்துக்கொள்ளலாம். கரையில் இறங்கிச் செலவழிக்க அது நல்லது. கப்பல் கணக்குக்குச் சில நிறுவனங்கள் அதை ஏற்பதில்லை. ஏற்றாலும், டெபிட் கார்டில் வரும் அதே முடக்கம் அதிலும் வரும்.

ரொக்கம்

'கப்பலில் ரொக்கம் செல்லாது' என்று மேலே சொல்லப்பட்டது. கடையில்தான் செல்லாது. கணக்கில் முன்பணமாகக் கட்டப் பல கப்பல்கள் இடம் தருகின்றன. ஒரு தொகையைக் கட்டிவிட்டால், அதுவரை செலவழிக்கலாம். அது தீர்ந்தால் அட்டை நின்றுவிடும். மறுபடியும் கட்டினால்தான் ஓடும். மிச்சம் இருந்தால் கடைசியில் திரும்பக் கிடைக்கும்.

இது பழைய முந்தானை முடிச்சுக்குச் சமானம். மூடி அவிழ்க்கவேண்டியிருக்கிறது. யோசனை வருகிறது.

தொல்லையும் உண்டு. பயணிகள் உதவி மேஜையில் வரிசையில் நிற்கவேண்டும். கையில் நோட்டை வைத்துக்கொண்டு ஊர் தாண்டவேண்டும். இந்தியாவிலிருந்து போகிறவர் ஒரு பயணத்துக்கு அயல்நாட்டு நோட்டாகப் பொதுவாக 3,000 டாலர்வரை கொண்டுபோக ரிசர்வ் பாங்கி விதி இடம் கொடுக்கிறது. அனுமதி பெற்ற இடத்தில்தான் வாங்கவேண்டும். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். எவ்வளவு முன்பணம் கட்டவேண்டும் என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும். டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளவேண்டும்.

யாருக்கு எது நல்லது?

ஒரே மருந்து எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் குடும்பஸ்தர்களுக்கு ஒரு வழி சொல்லலாம்.

ஊரிலேயே, பெட்டி கட்டுவதற்கு முன்பே, கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தொகையை முடிவு செய்யவேண்டும். "கப்பலில் இவ்வளவுதான்" என்று எழுதி வைக்கவேண்டும். இனாமை முதலில் எழுதவேண்டும். அது தப்பாது. முன்கூட்டியே கட்ட வசதி இருந்தால், டிக்கெட்டோடு கட்டிவிடுவது நல்லது. பிறகு மற்றச் செலவு.

அந்தத் தொகையைப் பாங்கியில் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டவர்கள் கடன் அட்டையைக் கொடுக்கலாம். ஊர் திரும்பியதும் ஒதுக்கிய பணத்தை எடுத்து அப்படியே கட்டிவிடவேண்டும். இதுதான் நல்ல வழி.

ஒதுக்க முடியாதவர்கள், 'கை நிற்காது' என்று தங்களைப்பற்றித் தாங்களே அறிந்தவர்கள், முடிவு செய்த தொகையை ரொக்கமாகக் கட்டிவிடவேண்டும். வரிசையில் நிற்பது அவமானம் அல்ல. வட்டி கட்டுவதைவிட வரிசையில் நிற்பது மேல்!

டெபிட் கார்டு, வேறு வழியே இல்லை என்றால் மட்டும். அதுவும், தவணை போகும் கணக்காக இருக்கக்கூடாது.

அட்டையைக் கொண்டுபோகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்திய அட்டைகள் முதலில் உள்நாட்டுக்கு மட்டுமே வேலை செய்யும்படி இருக்கவேண்டும் என்று 2020-ல் ரிசர்வ் பாங்கி விதி வகுத்தது. அட்டைக்காரர் தாமே அயல்நாட்டு உபயோகத்தைத் திறந்துகொள்ளவேண்டும். இதைச் செய்யாமல் போனால், கப்பல் வாசலிலேயே அட்டை மறுக்கப்படும். பிள்ளைகள் முன்னால் தலைகுனிவு. ஊரிலேயே ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடலாம். தேநீர்க் கடையில் கைபேசியைக் காட்டிப் பணம் கொடுக்கும் யு.பி.ஐ. பழக்கத்தை நம்பி அயல்நாட்டுக் கப்பல் ஏறக்கூடாது.

"ரூபாயிலேயே பில் போடட்டுமா?" என்று சில இடங்களில் கேட்பார்கள். கேட்க இனிமையாக இருக்கும். பெரும்பாலும் அதில் நஷ்டம்தான். மாற்று விலையை அவர்களே வைப்பார்கள். கப்பலின் நாணயத்திலேயே போடச் சொல்லிவிடுவது நல்லது. ராயல் கரீபியன் கப்பல்களில், சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டாலும், கணக்கு அமெரிக்க டாலரில்தான். பிரிட்டனின் பி அண்ட் ஓ கப்பல்களில் பவுன்.

பிள்ளைகளும் பெரியவர்களும்

பிள்ளைகள் கையிலும் ஒரு அட்டை இருக்கும். அதே அட்டை விளையாட்டு யந்திரத்தையும் திறக்கும். ஒன்பது வயதுப் பையனுக்கு அது பணம் என்று தெரியாது. அவனைத் திட்டிப் பயன் இல்லை. "பிள்ளைகள் அட்டையில் செலவு ஏறக்கூடாது" என்று முதல் நாளே உதவி மேஜையில் சொன்னால் நிறுத்திவைப்பார்கள். ஒரு வரம்பும் வைக்கச் சொல்லலாம்.

சூதாட்டக் கூடத்துக்கும் அதே அட்டைதான். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது பெரும்பாலும் அந்தக் கூடம் மூடியிருக்கும். கரை மறைந்த பிறகுதான் திறக்கும். அறைக் கணக்கிலிருந்து பணம் எடுத்து ஆடச் சில நிறுவனங்கள் தனிக் கட்டணமும் வாங்குகின்றன. தோற்பதற்கும் கட்டணம்! அந்தப் பக்கம் போகாத குடும்பத்துக்குப் பாதிக் கவலை இல்லை.

அண்ணன், தம்பி என்று இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போவதும் உண்டு. "அண்ணன் அட்டையிலேயே எல்லாம் போகட்டும், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்வதும் நிற்கும், பேச்சும் நிற்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அட்டையைப் பதிந்துகொள்ளக் கப்பலில் வசதி உண்டு. கணக்கு தனியாக இருந்தால் உறவு சேர்ந்து இருக்கும்.

இரவுக் கணக்கு

வீட்டில் மளிகைக் கணக்கு எழுதுகிற பழக்கம் பல தாய்மார்களுக்கு உண்டு. கப்பலிலும் அதே பழக்கம் காப்பாற்றும். ஒவ்வொரு நாள் இரவும் கணக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம். கைபேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ தெரியும். இல்லாவிட்டால் உதவி மேஜையில் கேட்கலாம். கேட்க உரிமை உண்டு.

வாங்காத பொருள் ஏறியிருந்தால் அன்றைக்கே சொல்லவேண்டும். கப்பலில் இருக்கும்வரை ரசீதைக் காட்டிப் பேசலாம். இறங்கிவிட்டால் கடிதம், தொலைபேசி, காத்திருப்பு. கடைசி நாள் காலையில் அந்த மேஜை முன்னால் நீண்ட வரிசை நிற்கும். முதல் நாள் சாயங்காலமே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

டிக்கெட்டோடு 'கப்பல் செலவுக்கு இத்தனை டாலர் இலவசம்' என்று சில நேரம் கொடுப்பார்கள். செலவழிக்காவிட்டால் பெரும்பாலும் அது பயண முடிவோடு போய்விடும். அதை இனாமுக்குக் கழிக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

கப்பல்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

கப்பல்காரர்களும் டிக்கெட் விற்கும் முகவர்களும் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பளபளக்கும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் டிக்கெட் விலை இருக்கிறது. இனாம் சின்ன எழுத்தில் இருக்கிறது. அயல்நாட்டு நாணயக் கட்டணம் எந்த எழுத்திலும் இல்லை. ஒரு குடும்பத்துக்குக் கட்டாயமாக ஆகும் மொத்தச் செலவு எவ்வளவு என்று ரூபாயில், தமிழில், டிக்கெட் வாங்கும் இடத்திலேயே எழுதித் தரவேண்டும். பயணி கேட்காவிட்டாலும் அறைக் கணக்குக்கு ஒரு வரம்பு வைத்துக் கொடுக்கவேண்டும். வரம்பைத் தாண்டவேண்டும் என்றால் அவர் வந்து கேட்கட்டும். நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்களுக்கு இதனால் நஷ்டம் வராது. மகிழ்ச்சியோடு இறங்கிய குடும்பம் மறுபடியும் வரும். அழுதுகொண்டு இறங்கிய குடும்பம் வராது.

கடலைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போவது நல்ல காரியம். உழைத்துச் சேர்த்த பணத்தில் நாலு நாள் சந்தோஷமாக இருப்பதில் தப்பே இல்லை. அந்த மதுரைத் தாய் பில்லைக் கையில் வாங்கும்போது, "நாம் எழுதி வைத்த கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கவேண்டும். அதற்கு ஊரிலேயே ஒரு காகிதமும் ஒரு பென்சிலும் அரை மணி நேரமும் போதும்.

கப்பல் கரை சேர்ந்தால் மட்டும் போதாது. கணக்கும் கரை சேரவேண்டும்!